கோதுமை ஆகவில்லை: முதலில் நிறுத்துவதா, ரத்தப் பரிசோதனை செய்வதா?

ராயபுரம்_ராஜி:
தங்கைக்குப் பரோட்டா, ரவா உப்புமா எது சாப்பிட்டாலும் வயிறு உப்பிக்கொள்கிறது, சில நாள் பேதியும். கோதுமை, பார்லியில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார் ஜிம் மாஸ்டர். இன்றே கோதுமையை நிறுத்திவிடலாமா?

அத்தோபிரியன்:
நிறுத்துங்கள், இதற்கு எதற்கு யோசனை? செகண்ட் லைன் பீச் தெருவில் அத்தோ, அதான் பர்மா கோதுமை நூடுல்ஸ், சாப்பிட்டால் ராத்திரி முழுக்க எனக்குப் பொருமல். வாழைத்தண்டு சூப் மட்டும் குடித்துவிட்டு வந்தால் ஒன்றும் இல்லை. என் வயிறே எனக்கு லேப்.

வண்ணை_லேப்காரன்:
ராஜி மேடம், அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள். குளூட்டனால் சிறுகுடல் கெட்டுப்போகும் சீலியாக் நோய்க்கான டிடிஜி ரத்தப் பரிசோதனை, கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருந்தால்தான் சரியாகக் காட்டும். நிறுத்திவிட்டால் நோய் இருந்தும் 'இல்லை' என்று வரலாம். அப்புறம் பரிசோதனைக்காகவே வாரக்கணக்கில் சப்பாத்தி தின்னச் சொல்வார்கள். தம்பி, அத்தோவை விட்டபோது அதிலிருக்கும் வறுத்த வெங்காயம், பூண்டையும் சேர்த்துத்தானே விட்டீர்கள்?

அத்தோபிரியன்:
வெங்காயமா குற்றவாளி? நல்ல கதை. சீலியாக் எல்லாம் பஞ்சாப் பக்கத்து நோய் சார். சோறு தின்னும் நமக்கு ஏது?

வண்ணை_லேப்காரன்:
தெற்கே குறைவுதான், அடியோடு இல்லை என்று யார் சொன்னது? வெங்காயத்தைச் சொன்னதும் சும்மா இல்லை. கோதுமை, வெங்காயம், பூண்டு மூன்றிலும் ஃப்ரக்டான் என்ற, சரியாகச் செரிக்காத ஒரு சத்து இருக்கிறது. அது குடலில் புளித்துக் காற்றைக் கிளப்பும். 2013இல் ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழக ஆய்வில், குளூட்டன் ஆகாது என்ற 37 பேருக்கு முதலில் இந்த மாதிரிச் சத்துகளைக் குறைத்தார்கள், தொந்தரவு தணிந்தது. பிறகு எதில் இருக்கிறது என்று சொல்லாமல் குளூட்டன் கொடுத்தபோது அதனால் தனியாக எதுவும் கூடவில்லை.

தண்டையார்பேட்டை_அம்மா:
உங்கள் பொருமல் சண்டையில் என் மகனை மறந்துவிடாதீர்கள். இரும்புச்சத்து மாத்திரை எவ்வளவு கொடுத்தும் ரத்தம் ஏறவில்லை. கடைசியில் என்டோஸ்கோபி செய்து, சிறுகுடலில் துணுக்கு எடுத்துப் பார்த்துத்தான் சீலியாக் என்றார்கள். பரோட்டாவை நிறுத்துவது சுலபம். பெருங்காய டப்பாவைத் திருப்பிப் படியுங்கள், பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ இருக்கும். அதனால் வெளியே சாம்பார், ரசம் எதையும் நம்ப முடியாது. சோயா சாஸ், மால்ட் போட்ட பானம், கால் வீங்கினால் பாட்டி தரும் பார்லிக் கஞ்சி, எதுவும் கூடாது. கேழ்வரகு நல்லதுதான், ஆனால் மில்லில் எனக்கு முன்னால் கோதுமை அரைத்திருந்தால் போச்சு. குளூட்டன் இல்லை என்று அச்சடித்து விற்க, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது சட்டம். மில்காரரிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள்!

அத்தோபிரியன்:
அது நோய் அக்கா, கட்டாயம் பார்க்க வேண்டியதுதான். நான் சொன்னது வெறும் பொருமலுக்கு.

தண்டையார்பேட்டை_அம்மா:
எங்கள் வீட்டிலும் ஆரம்பத்தில் வெறும் பொருமல்தான் தம்பி.

ராயபுரம்_ராஜி:
சரி, சப்பாத்தி இப்போதைக்குத் தொடரட்டும். டாக்டரிடம் டிடிஜி எழுதித் தரச் சொல்கிறேன்.

அத்தோபிரியன்:
போங்கள். லேப்காரருக்குக் கமிஷன் உறுதி.

வண்ணை_லேப்காரன்:
நான் இருப்பது அரசு ஆஸ்பத்திரி லேப், தம்பி.