புறவினத்தார் என்று சொன்னாரா இல்லையா?

நெய்தல்நிலத்தான்:
தைப்பூசம் வந்தால் வள்ளலார் நினைவு நாள் என்று இறைச்சிக்கடைகளை மூடச் சொல்லிவிடுகிறார்கள். அது போதாதென்று, "சாதியை உடைத்த ஒரே சைவ உணவு இயக்கம் வள்ளலாரின் சன்மார்க்கம்தான்" என்று இங்கே ஒருவர் நேற்று அளந்திருக்கிறார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. மீன் தின்கிறவனைப் 'புறஇனத்தார்', அதாவது உறவில்லாத வெளியாள், என்று பாடியவர் எந்தச் சாதியை உடைத்தார்?

அணையா அடுப்பு:
அந்த 'ஒருவர்' நான்தான். பெயர் சொன்னால் வாய் வலிக்குமோ? பாட்டை முழுக்கப் படியுங்கள். புறஇனத்தார் என்ற கையோடு, அவர்களுக்கும் 'பசிதவிர்த்தல் மாத்திரமே புரிக' என்கிறார். பசித்தவர்க்குச் சோறு போட அவர் தொடங்கிய வடலூர் தருமசாலையில் 1867 மே 23 அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. பந்தியில் உட்காருகிறவனிடம் சாதியும் கேட்பதில்லை, நேற்று என்ன தின்றாய் என்றும் கேட்பதில்லை.

நெய்தல்நிலத்தான்:
'மாத்திரமே' என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். சோறு போடு, அதற்கு மேல் ஒட்டாதே. வேறென்ன அர்த்தம்?

லண்டன் மழை:
சைவ உணவுக்கென்று முறையாகச் சங்கம் வைத்தது 1847இல், இங்கிலாந்தின் ராம்ஸ்கேட்டில். காந்தியும் லண்டன் சங்கத்தின் செயற்குழுவில் இருந்தவர்தான்.

அணையா அடுப்பு:
ராம்ஸ்கேட்டில் எத்தனை பேருக்குச் சோறு போட்டார்கள்? தீர்மானம் போடுவது வேறு, உலை வைப்பது வேறு. குறளில் புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரமே இருக்கிறது ஐயா.

மோர்மிளகாய்:
பள்ளிச் சத்துணவில் முட்டை போடுவதை எதிர்த்து இதே அடுப்பு எப்படிப் புகைந்தது என்று எனக்கு நினைவிருக்கிறது.

அணையா அடுப்பு:
அதற்குப் போன வருடமே பதில் சொல்லியாயிற்று. பாதியில் ஓடியது நீங்கள்.

நெய்தல்நிலத்தான்:
நான் கடலூர் துறைமுகத்தில் வளர்ந்தவன். விடியற்காலை ஏலத்தில் சங்கரா மீன் கூடை தூக்கிவிட்டு, அப்படியே பஸ் ஏறித் தருமசாலைப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன். கைலியில் செதில் ஒட்டியிருந்தது. பரிமாறியவர் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றினார். அப்புறம் ஜோதி வழிபாடு நடக்கிற சத்திய ஞான சபைக்குப் போனால், கொலை புலை (புலால்) தவிர்த்தவர்தான் உள்ளே வரலாம் என்று வாசலில் எழுதியிருக்கிறது. வெளியே நின்றவன் நான், நீங்கள் இல்லை.

அணையா அடுப்பு:
நானும் அதைத்தானே சொல்கிறேன்! சாலை வேறு, சபை வேறு. சபை 1872இல் வந்தது, அதற்கு ஐந்து வருடம் முன்பே அடுப்பு வந்துவிட்டது. முதலில் வயிறு, அப்புறம்தான் ஜோதி. சாம்பார் ஊற்றினாரா இல்லையா?

நெய்தல்நிலத்தான்:
ஊற்றினார். புறஇனத்தார் என்றாரா இல்லையா?

அணையா அடுப்பு:
அது பிறப்பால் வருகிற இனம் இல்லை. இன்றைக்கு மீனை விட்டால் நாளைக்கு நீங்கள் உள்ளே. சாதியை அப்படி விட முடியுமா?

நெய்தல்நிலத்தான்:
மீனை விட்டால் எங்கம்மா எதை விற்பாள்?

அணையா அடுப்பு:
அம்மாவை இழுத்தால் நான் வாயை மூடிக்கொள்ள வேண்டுமா? கடையை மூடச் சொன்னது அரசாங்கம். வள்ளலார் பூட்டா கொடுத்தார்? அடுப்புதான் கொடுத்தார். எத்தனை முறை எழுதுவது, சாலை வேறு, சபை வேறு.

மோர்மிளகாய்:
முட்டை?

நெய்தல்நிலத்தான்:
புறஇனத்தார்?

லண்டன் மழை:
1847க்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.