பதில்: நம்ம கருப்பூர் குரோமியம் சுரங்கம்

எல்லோருக்கும் வணக்கம்.

"கருப்பூர் மண்ணுக்கடியில் கோடிக்கணக்கில் குரோமியம், யாரும் நிலத்தை விற்காதீர்கள்" என்று, சேலம் பக்கத்து நம்ம ஊரைப் பற்றி வாட்சப்பில் சுற்றும் செய்தியை இங்கேயும் மூன்று பேர் போட்டுவிட்டீர்கள். பாதி நிஜம், பாதி கதை. குரோமியம் இருந்தது, வெட்டினார்கள், எல்லாம் நிஜம். ஆனால் வெட்டினவர்கள் விட்டுவிட்டுப் போய் நூற்றறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதனால் நிலத்தை விற்பதும் விற்காததும் அவரவர் பாடு.

வெட்டியது ஹீத் துரை. ஜோசையா மார்ஷல் ஹீத், கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தை 1825இல் உதறிவிட்டு, சேலத்து இரும்பை நம்பிப் பறங்கிப்பேட்டையில் உலை போட்டவர். 1830களில் நடந்த அவருடைய இரும்புக் கம்பெனிதான் கருப்பூர்ப் பக்கம் குரோமைட், அதாவது குரோமியம் எடுக்கிற கறுப்புக் கல்லைத் தோண்டிக் கப்பலில் இங்கிலாந்துக்கு அனுப்பியது. அப்போது குரோமியம் சேர்த்துச் செய்யும் எவர்சில்வர் என்ற ஒன்றே உலகத்தில் கிடையாது. குரோமியத்தை வோக்லான் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்ததே 1797இல்தான், பிறகு அது போனது பெரும்பாலும் சாயத்துக்கும் பெயின்ட்டுக்கும். பளீரென்று ஒரு மஞ்சள் வருமே, குரோம் மஞ்சள், அதற்குத்தான் நம்ம ஊர்க் கல்லைச் சுமந்துகொண்டு போனார்கள். ஹீத்துக்குக் கடைசியில் ஒன்றும் ஒட்டவில்லை. எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை வாங்கி, அதைக் காப்பாற்ற ஷெஃபீல்டு முதலாளிகளோடு கோர்ட்டு கோர்ட்டாக அலைந்தே மனுஷன் போய்ச் சேர்ந்தார்.

1864இல் நிலவியலாளர்கள் கிங்கும் ப்ரூஸ் ஃபூட்டும் எழுதிய அறிக்கையில் சேலம் மாவட்டமும் வருகிறது. சென்னைப் பக்கம் பல்லாவரத்தில் கற்காலத்துக் கோடரியைக் கண்டெடுத்தாரே, அதே ஃபூட்தான், பிற்காலத்தில் நமக்கு நேர் மேலே ஏற்காட்டில் குடியிருந்தவர். அப்புறம் 1896இல் மிடில்மிஸ் என்ற நிலவியலாளர் நம்ம பக்கத்துச் சுண்ணாம்புக் கரட்டுப் பாறைகளைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதினார்.

சரி, ஏன் அது பெரிய சுரங்கமாகவில்லை? அதற்கு அந்தச் சுண்ணாம்புக் கரட்டைக் கொஞ்சம் பார்க்கணும் (பேர்தான் சுண்ணாம்பு, உள்ளே இருப்பது மேக்னசைட், நம்ம வெள்ளைக்கல், தூரத்தில் வெள்ளையாகத் தெரிந்ததைப் பார்த்து வெள்ளைக்காரனும் சாக் ஹில்ஸ் என்று எழுதி வைத்துவிட்டான்). அடிப்பாறை டூனைட். பூமிக்குள் வெகு ஆழத்திலிருந்து வந்த சரக்கு, முக்கால்வாசிக்கு மேல் ஆலிவின் என்ற ஒரே கனிமம். பாறைக் குழம்பு ஆறும்போது குரோமியம் அதில் கரைந்து கிடக்காது, முந்திக்கொண்டு குரோமைட் மணியாகத் திரண்டுவிடும். கனமான மணிகள், அங்கங்கே சேர்ந்து கொத்தாக நிற்கும். பிற்பாடு கரியமில வாயு கலந்த நீர் பாறையின் விரிசல்களில் புகுந்து ஆலிவினைத் தின்று வெள்ளைக்கல்லாக்கிவிட்டது. குவாரிச் சுவரில் சிலந்தி வலை மாதிரி ஓடுமே வெள்ளை நரம்பு, அது அப்படி வந்ததுதான். குரோமைட் அசையவில்லை, அதே கறுப்பில் உட்கார்ந்திருக்கிறது.

சிக்கல் அந்தக் கொத்தில்தான் இருக்கிறது. ஒரு குரோமைட் கொத்தைப் பிடித்துக்கொண்டு தோண்டினால் நாலு அடியில் பொசுக்கென்று நின்றுவிடும், அடுத்த கொத்து எந்தத் திசையில் என்று பாறை சொல்லாது. நான் இருக்கும் ஓமானிலும் இதே டூனைட், இதே கொத்துதான். சொஹாரில் லாரி லாரியாகக் கொட்டிக் கிடக்கும் கறுப்புக் குவியலை முதல் தடவை பார்த்தபோது, சின்ன வயதில் தாத்தா எங்கள் கையில் கொடுத்து "தூக்கிப் பாருடா" என்ற கல் ஞாபகம் வந்துவிட்டது. எலுமிச்சை அளவுதான் இருக்கும், கை கீழே இறங்கும். ஆனால் ஓமானில் நிறையக் கொத்து, பெரிய கொத்து. நமக்கு வாய்த்தது சின்னது. 1900 வாக்கில் வெள்ளைக்கல் வியாபாரம் சூடுபிடித்து, ரயில்வே ஸ்டேஷனுக்கே மேக்னசைட் ஜங்ஷன் என்று பேர் விழுந்த பிறகு குரோமைட்டை யார் சீண்டுவார்கள்?

எனக்குச் சிரிப்பு வருவது வேறு விஷயத்துக்கு. 1981இல் கஞ்சமலை அடிவாரத்தில் சேலம் உருக்காலை வந்தது, அதுவும் குரோமியம் சேராமல் நடக்காத துருப்பிடிக்காத எஃகு. இந்தியாவின் குரோமைட்டில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் ஒடிசாவின் சுகிந்தாப் பள்ளத்தாக்கில் கிடக்கிறது. கருப்பூர்க் கல்லோ எப்போதோ இங்கிலாந்துக்குப் போய்ச் சாயமாகிவிட்டது.

அப்புறம், கருப்புக் கல்லால்தான் கருப்பூர் என்று பேர் வந்தது என இன்னொரு செய்தியை யாராவது கிளப்பிவிடாதீர்கள், கும்பிடுகிறேன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் ஒரு உபகாரம் செய்யுங்கள். பழைய குழிகள் எட்டிப் பார்க்கிற இடம் இல்லை, கிட்டேயே போகவேண்டாம். காட்டு வரப்பில் கனமான கறுப்புக் கல் கிடைத்தால் பீங்கான் கோப்பையின் அடியில், பூச்சு இல்லாத வளையத்தில் இழுத்துப் பாருங்கள். கோடு பழுப்பாக விழுந்தால் குரோமைட்டாக இருக்கலாம், கறுப்பாக விழுந்து காந்தத்திலும் நன்றாக ஒட்டினால் அது இரும்புக்கல். பழுப்பாக விழுந்ததை ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள். தாத்தா கொடுத்த கல்லை நான் எங்கேயோ தொலைத்துவிட்டேன்.