சனிக்கிழமை விடியற்காலை விமானம்: அதற்கு முன் கோலாலம்பூரில் இரண்டு இரவுகள் எங்கே தங்குவது?

பட்டர்வொர்த்வாசி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை காலை 7.10 மணிக்குக் கேஎல்ஐஏ விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்திலிருந்து திருச்சிக்குப் புறப்படுகிறோம். வியாழக்கிழமை பிற்பகல் இடிஎஸ் ரயிலில் கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு வந்து சேர்வோம். ஆக, தலைநகரில் எங்களுக்குக் கிடைப்பது இரண்டு இரவுகளும் ஒரு பகலும்தான். நான், மனைவி, எட்டும் பதினொன்றும் வயதான இரு பிள்ளைகள், எழுபதைக் கடந்த என் தாயார் என ஐந்து பேர். அம்மாவுக்கு முழங்கால் வலி. சமதளத்தில் மெதுவாக நடப்பார், படி ஏறுவது சிரமம். பெரிய பெட்டிகள் நான்கு இருக்கும்.

பிள்ளைகள் இரட்டைக் கோபுரத்தைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். அம்மாவோ பத்துமலைக்குப் போகாமல் விமானம் ஏற மாட்டேன் என்கிறார். ஊரில் கொடுப்பதற்குக் கைலி, கோடாலித் தைலம் போன்றவற்றை மஸ்ஜித் இந்தியா பக்கம் வாங்கிக்கொள்ளலாம் என்பது மனைவியின் எண்ணம். தங்குமிடம் என்று தேடினால் புக்கிட் பிந்தாங்தான் முதலில் வருகிறது. மனைவி பிரிக்பீல்ட்ஸ் என்கிறார். மைத்துனரோ இரண்டு இரவுகளையும் விமான நிலையத்தின் அருகிலேயே கழித்துவிடுங்கள் என்கிறார். மூன்றில் எது எங்களுக்குப் பொருந்தும்?

செந்தூல் அக்கா:

தம்பி, புக்கிட் பிந்தாங் வேண்டாம். இளைஞர்கள் நான்கு பேர் தோள் பையோடு வந்தால் அங்கே தங்கச் சொல்வேன். இரவு முழுவதும் ஓயாத சத்தம். வண்டியை விடுதி வாசலில் நிறுத்தி அம்மாவை இறக்கவே பல இடங்களில் வழியிருக்காது. நீங்கள் பார்க்க நினைக்கும் இடங்களில் ஒன்றுகூட அந்தப் பேட்டையில் இல்லை. பிள்ளைகளுக்கு அங்குள்ள பேரங்காடிகளைக் காட்டியே ஆக வேண்டுமென்றால், சென்ட்ரலோடு சுரங்கப் பாதையால் இணைந்திருக்கும் மூசியம் நெகாரா நிலையத்தில் எம்ஆர்டி நகர ரயிலில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் புக்கிட் பிந்தாங்தான். போய்விட்டு வரலாம், தங்கத் தேவையில்லை.

ஒரு கேள்வி. இரண்டு இரவும் ஒரே விடுதியில்தான் தங்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டீர்களா?

பட்டர்வொர்த்வாசி:

அப்படி எதுவும் இல்லை, அக்கா. பெட்டிகளை இருமுறை கட்ட வேண்டுமே என்ற தயக்கம் மட்டும்தான். சென்ட்ரல் அருகே தங்கினால் சனிக்கிழமை காலை முதல் ரயிலைப் பிடித்துப் போய்விடலாம் என்று நினைத்திருந்தேன்.

பிரிக்பீல்ட்ஸ் பழையவர்:

அந்த முதல் ரயிலில்தான் சிக்கல் இருக்கிறது, தம்பி. விமானம் புறப்படும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வெளிநாட்டுப் பயணத்துக்குப் பெட்டிகளை ஒப்படைக்கும் முகப்பு, விமானம் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பாக, அதாவது 6.10 மணிக்கு மூடப்படும். கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் சென்ட்ரலிலிருந்து காலை ஐந்து மணிக்குத்தான் முதல் வண்டியை விடுகிறது. அது முதலாம் முனையத்தை 28 நிமிடத்திலும் இரண்டாம் முனையத்தை 33 நிமிடத்திலும் அடையும். உங்கள் கையில் மிஞ்சுவது அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். அதற்குள் நான்கு பெட்டிகளையும் இறக்கி, தள்ளுவண்டி தேடி, முனையத்தோடு இணைந்த பேரங்காடியைக் கடந்து, மேல் தளத்துக்கு ஏறி, வரிசையில் நிற்க வேண்டும். தனி ஆள் கைப்பெட்டியோடு ஓடினால் பிடித்துவிடலாம். அம்மாவை வைத்துக்கொண்டு இதைச் செய்யாதீர்கள்.

ஆகவே இரண்டு இரவுகளையும் தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள். வியாழன் இரவு நகரத்துக்காக. அதற்குப் பிரிக்பீல்ட்ஸ் பொருத்தமானது. வெள்ளி இரவு விமானத்துக்காக. அதை இரண்டாம் முனையத்திலேயே கழியுங்கள். உங்கள் மைத்துனர் சொன்னது பாதி சரி, ஆனால் இரண்டு இரவும் அங்கே தங்கினால் ஐம்பத்தேழு கிலோமீட்டர் தள்ளியிருந்துகொண்டு கோலாலம்பூரைப் பார்க்க வருவதும் போவதுமாக ஒரு பகலே கரைந்துவிடும்.

பிரிக்பீல்ட்ஸ் ஏன் என்றால், இடிஎஸ் உங்களை இறக்கிவிடும் இடத்திலிருந்து அது கூப்பிடு தூரம். சென்ட்ரலிலிருந்து கெலானா ஜெயா எல்ஆர்டி நகர ரயில் தடத்தில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் மஸ்ஜித் ஜமேக். அங்கே இறங்கினால் மஸ்ஜித் இந்தியா. மறுபடி அதே தடத்தில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் கேஎல்சிசி, அதாவது இரட்டைக் கோபுரம். திரும்பி வரும்போதும் வண்டி மாற வேண்டியதில்லை. பத்துமலைக்குக் கேடிஎம் கொமுட்டர் ரயில் சென்ட்ரலிலிருந்தே கிளம்புகிறது. நீங்கள் சொன்ன மூன்று இடங்களையும் ஒரே நிலையத்திலிருந்து முடித்துவிடலாம் என்பதுதான் இந்தப் பேட்டையின் பலம். மற்றபடி, 2010இல் இதை லிட்டில் இந்தியா ஆக்கி வளைவு கட்டி வண்ணம் பூசியதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி ஒன்றுமில்லை. அதற்கு முன்பும் இங்கே தோசையும் பூவும் கிடைத்துக்கொண்டுதான் இருந்தன.

விடுதியைத் தேர்ந்தெடுக்கும்போது படங்களை நம்பாதீர்கள். தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள். துன் சம்பந்தன் சாலையையும் அதன் கிளைச் சாலைகளையும் சுற்றியுள்ள மலிவு விடுதிகள் பல, பழைய கடைவீடுகளின் மேல் மாடிகளில் இயங்குபவை. கீழே துணிக்கடையோ சாப்பாட்டுக் கடையோ இருக்கும். இரண்டு கடைகளுக்கு நடுவில் ஒரு குறுகிய கதவு, அதைத் திறந்தவுடன் செங்குத்தான படிக்கட்டு, வரவேற்பு மேசையே முதல் மாடியில். "மின்தூக்கி இருக்கிறதா" என்று மட்டும் கேட்டால் இருக்கிறது என்பார்கள். அந்த மின்தூக்கி முதல் மாடியிலிருந்துதான் தொடங்குகிறது என்பதைச் சொல்ல மாட்டார்கள். அதனால், "அஞ்சடியிலிருந்து (கடைவீட்டு முன்புற நடைபாதையிலிருந்து) அறை வரைக்கும் ஒரு படியாவது ஏற வேண்டியிருக்குமா" என்று கேளுங்கள். அடுத்ததாக, அறைக்கு ஜன்னல் உண்டா என்று கேளுங்கள். இங்கே குறைந்த விலை அறைகளில் பல ஜன்னல் இல்லாதவை. சில விடுதிகளில் திரைச்சீலை தொங்கும், விலக்கினால் சுவர் இருக்கும். ஒரு நாள் இரவுக்குப் பரவாயில்லை என்று நீங்கள் நினைக்கலாம். பெரியவர்களுக்கு மூச்சு முட்டுகிறது. மோனோரயில் தடத்தை ஒட்டிய அறையானால் நள்ளிரவு வரை வண்டிச் சத்தம் கேட்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். பணம் ஒரு பொருட்டில்லை என்றால் சென்ட்ரலை ஒட்டியே நட்சத்திர விடுதிகள் இருக்கின்றன. அங்கே இந்தக் கேள்விகள் எதுவும் தேவைப்படாது.

பூச்சோங் ஓட்டுநர்:

ஐயா சொன்னதில் ஒன்றில் மாறுபடுகிறேன். இரண்டு விடுதிகளுக்குச் செலவழிப்பதற்குப் பதிலாக, சனிக்கிழமை விடியற்காலை 3.30 மணிக்குக் கைப்பேசிச் செயலியில் அழைக்கும் கிராப் வண்டியில் கிளம்பலாம். அந்நேரத்தில் மெக்ஸ் நெடுஞ்சாலை காலியாக இருக்கும்; பிரிக்பீல்ட்ஸிலிருந்து இரண்டாம் முனையத்துக்கு ஐம்பது நிமிடத்துக்கு மேல் ஆகாது. நான் அந்நேரத்தில் பலரைக் கொண்டுபோய் விட்டிருக்கிறேன்.

ஆனால் வண்டி விஷயத்தில் கவனம் வேண்டும். ஆறு இருக்கை வண்டியை அழைத்தால் போதும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஐந்து பேர் ஏறினால் கடைசி வரிசை இருக்கையை மடக்க முடியாது. அதற்குப் பின்னால் மிஞ்சும் இடத்தில் கைப்பெட்டி இரண்டு நுழைந்தாலே அதிகம். உங்கள் நான்கு பெரிய பெட்டிகளுக்கு இரண்டு சாதாரண வண்டிகளாவது ஒரு வேனாவது வேண்டும். முன்பதிவு செய்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடவும் கூடாது; ஓட்டுநர் கடைசி நேரத்தில் ரத்து செய்தால் அந்த வேளையில் இன்னொரு வண்டி கிடைக்க நேரம் பிடிக்கும். தெரிந்த வேன்காரர் இருந்தால் அவரிடம் நேரடியாகப் பேசிவிடுவதே நல்லது.

பிரிக்பீல்ட்ஸ் பழையவர்:

சாலையைப் பற்றி நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் 3.30 மணிக்குக் கிளம்ப அம்மாவை 2.30 மணிக்கு எழுப்ப வேண்டும். அதற்குப் பிறகு விமானத்தில் நான்கு மணி நேரம் உட்கார வேண்டும், திருச்சியில் இறங்கியதும் ஊருக்குச் சாலைப் பயணம் வேறு. முனையத்தில் தங்கினால் 4.30 வரை தூங்கலாம். இரண்டாவது விடுதிக்குக் கொடுக்கும் பணத்தை நான் அந்த இரண்டு மணி நேரத் தூக்கத்துக்கான விலையாகத்தான் பார்க்கிறேன்.

பட்டர்வொர்த்வாசி:

இரண்டு கருத்துகளும் மிகவும் பயனுள்ளவை. ஐயா சொன்னபடி பிரிப்பது என்று மனைவியும் நானும் முடிவு செய்துவிட்டோம். இப்போது புதிதாக ஒரு குழப்பம். வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணி வாக்கில் முனையத்துக்குக் கிளம்பலாம் என்றால், வெள்ளி மாலை நெரிசலில் மாட்டிக்கொள்வீர்கள் என்று பயமுறுத்துகிறார்கள். ரயிலில் போவதா, வண்டியில் போவதா?

செந்தூல் அக்கா:

பயமுறுத்தவில்லை தம்பி, உண்மையைத்தான் சொல்கிறார்கள். வெள்ளி மாலை ஐந்து மணிக்கு மேல், அதிலும் மழை பிடித்துக்கொண்டால், நகரத்தை விட்டு வெளியேறுவதற்கே ஒரு மணி நேரம் போய்விடும். கிராப் கட்டணமும் ஏறிவிடும். நீங்கள் ரயிலில் போங்கள். கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸில் பெரியவர்களுக்கு ஒரு வழிக்கு 55 ரிங்கிட், ஆறு முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு 25 ரிங்கிட். உங்கள் குடும்பத்துக்கு 215 ரிங்கிட் ஆகிறது. விலை அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஓட்டுநர் தம்பி சொன்னதுபோல் வண்டி இரண்டு வேண்டுமென்றால், நெரிசல் நேரக் கட்டணத்தையும் சுங்கத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது வித்தியாசம் பெரிதாக இருக்காது. பிற்பகல் மூன்று மணிக்கே கிளம்ப முடியுமானால் மட்டும் வண்டியைப் பற்றி யோசிக்கலாம். சென்ட்ரலின் அடித்தளத்திலிருந்து பேருந்தும் போகிறது. எல்லாவற்றிலும் மலிவு அதுதான், சாலை நன்றாக இருந்தால் ஒரு மணி நேரம். ஆனால் அதே வெள்ளிக்கிழமை நெரிசலில் அதுவும் நிற்கும்.

வெள்ளியைப் பற்றி இன்னொன்று. மஸ்ஜித் இந்தியாவை அன்றைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். ஜும்ஆ தொழுகை நேரத்தில் பள்ளிவாசலைச் சுற்றியுள்ள தெருக்களில் கூட்டம் நிரம்பிவிடும். பல கடைகள் அடைத்துவிட்டு இரண்டே முக்கால், மூன்று மணிக்குத்தான் திறக்கும். வியாழன் மாலையே, அறையில் பெட்டிகளை வைத்து அம்மா சற்றுப் படுத்து எழுந்தவுடன் அங்கே போய், கைலியும் தைலமும் வாங்கிக்கொண்டு, அப்படியே எல்ஆர்டியில் கேஎல்சிசிக்குப் போய்விடுங்கள். கோபுரம் விளக்கு வெளிச்சத்தில்தான் அழகு. பூங்காவில் உட்காரவும் இடம் உண்டு.

வெள்ளிக் காலை பத்துமலை. வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள். அம்மா 272 படிகளையும் ஏற முடியாதே என்று வருந்த வேண்டாம். முருகன் சிலையின் காலடியில் நின்று கும்பிடலாம், தரைமட்டத்திலேயே வேறு சன்னதிகளும் இருக்கின்றன. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நீங்கள் ஒருவர் மேலே போய் வந்தால், மருமகள் கீழே அவருக்குத் துணையாக இருக்கலாம். கொமுட்டர் அடிக்கடி வராது. திரும்பும் வண்டியின் நேரத்தை இறங்கியவுடனேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். விடுதியை நண்பகலில் காலி செய்யச் சொல்வார்கள். பெட்டிகளைக் கீழே வைத்துவிட்டுப் போகலாமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டால், வாழையிலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு நிதானமாகக் கிளம்பலாம்.

மதுரைக்காரர்:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இந்தியாவிலிருந்து என் சித்தப்பா மலேசியா வந்து இதே திட்டத்தில் தங்கினால், அவருக்கும் அறை வாடகை மலேசியர்களுக்கு உள்ளதேதானா?

பிரிக்பீல்ட்ஸ் பழையவர்:

வெளிநாட்டுக் கடப்பிதழ் வைத்திருப்பவர்களுக்கு அறை ஒன்றுக்கு, இரவு ஒன்றுக்குப் பத்து ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. 2017 முதல் நடைமுறையில் இருக்கிறது. பெரும்பாலும் விடுதியில் நுழையும்போது ரொக்கமாகக் கேட்பார்கள். மலேசியர்களுக்குக் கிடையாது.

பட்டர்வொர்த்வாசி:

மிக்க நன்றி. பிரிக்பீல்ட்ஸில் மூன்று விடுதிகளை அழைத்து ஐயா சொன்ன கேள்வியையே கேட்டேன். முதல் இரண்டு இடங்களில் சற்று மௌனம் காத்துவிட்டு, "எட்டுப் படிதான் சார்" என்றார்கள். மூன்றாவது இடத்தில் தரைத்தளத்திலேயே மின்தூக்கி இருக்கிறது. ஐந்து பேருக்குமான குடும்ப அறையைப் பதிவு செய்துவிட்டேன். இரண்டாம் முனையத்தில் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. கேப்சூல் விடுதி என்று ஒன்று இருக்கிறதாமே, மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கிறது, பிள்ளைகள் அதைத்தான் கேட்கிறார்கள். அங்கே சமாளிக்க முடியுமா?

பூச்சோங் ஓட்டுநர்:

பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், அம்மாவுக்குத் தண்டனை. அது மூன்று, ஆறு, பன்னிரண்டு மணி நேரம் என்று வாடகைக்குக் கிடைப்பது உண்மைதான். படுக்கை மட்டுமே உங்களுக்கு. கழிவறையும் குளியலறையும் பொதுவானவை. நடுநிசியில் அம்மாவை எழுப்பி அழைத்துப் போக வேண்டியிருக்கும். டியூன் விடுதியில் இரண்டு அறைகள் எடுங்கள். முனையத்தின் பேரங்காடியிலிருந்து கூரையிட்ட நடைபாதை வழியாகவே போய்விடலாம், மழை பெய்தாலும் நனைய வேண்டியதில்லை. அறை சிறியதுதான், பெட்டி இரண்டைத் தரையில் விரித்தால் நடக்க இடமிருக்காது, ஆகவே காலையில் உடுத்த வேண்டியதைத் தனிப் பையில் எடுத்து வைத்துக்கொண்டு பெட்டிகளைத் திறக்காமலே விட்டுவிடுங்கள்.

செந்தூல் அக்கா:

சக்கர நாற்காலியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. இரண்டாம் முனையத்தில் வெளிநாட்டு விமானங்களுக்குப் போகும் வழி மிக நீளம். ஒரு வான்பாலத்தைக் கடந்து மறு கட்டடத்துக்குப் போய், அங்கிருந்தும் வாயில் வரை நடக்க வேண்டியிருக்கலாம். சமதளத்தில் நடப்பார் என்று விட்டுவிடாதீர்கள். அன்று காலை முகப்பில் போய்க் கேட்பதைவிட இப்போதே விமான நிறுவனத்திடம் பதிவு செய்துவிடுங்கள். பதியும்போது, நடக்க இயலும் ஆனால் படி ஏற இயலாது என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். வெறுமனே சக்கர நாற்காலி என்று பதிந்தால் வாயில் வரைதான் கொண்டுபோய் விடுவார்கள். விமானத்துக்கு ஏணி வைத்திருந்தால் அம்மா அங்கே நின்றுவிட வேண்டியதுதான்.