கிளோ பிளக்: ஒளிர்செருகியா, கனல்முளையா?

அன்பர்களுக்கு வணக்கம்.

டீசல் லாரி பராமரிப்புச் சொற்பட்டியலில் கிளோ பிளக்கை 'ஒளிர்செருகி' என்று போட்டிருக்கிறோம். இது மாற வேண்டும். அந்தப் பாகம் வெளிச்சம் தருவதற்காக இல்லை. டீசலில் பொறியும் கிடையாது. காற்றை அழுத்தும்போது பிறக்கும் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்கிறது. இஞ்சின் குளிர்ந்திருந்தால் அந்தச் சூட்டைச் சிலிண்டர் சுவர் இழுத்துவிடும். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் இதன் நுனி 850 டிகிரி செல்சியசுக்கு மேல் பழுக்கக் காய்கிறது. சுவாலை இல்லாத சூடு என்பதால் 'கனல்'. மரை போட்டு முறுக்கி இறக்கும் பாகத்துக்குச் 'செருகி' பொருந்தவில்லை. இறங்கி நிற்பதால் 'முளை'. ஆகவே 'கனல்முளை' என்று முன்மொழிகிறேன்.

———

> 'கனல்முளை' என்று முன்மொழிகிறேன்

கனல் சரிதான் ஐயா. ஆனால் பட்டறையில் 'ஹீட்டர் பிளக்' என்றுதான் சொல்கிறார்கள். அதையொட்டிச் 'சூடேற்றி' என்றே வைத்தால் என்ன? மெக்கானிக்குக் கேட்டதும் புரியும்.

———

> 'சூடேற்றி' என்றே வைத்தால் என்ன?

அங்கேதான் சிக்கல். பல பெரிய இஞ்சின்களில் கிளோ பிளக்கே இருக்காது. கம்மின்ஸ் 5.9 லிட்டரில் உள்ளே வரும் காற்றைச் சூடாக்கும் கம்பிவலைதான் உண்டு. அது காற்று வரும் வழியில் இருக்கிறது. ஃபோர்டு 7.3 லிட்டர் பவர் ஸ்ட்ரோக்கிலோ சிலிண்டருக்கு ஒன்றாக எட்டு முளைகள், வால்வு மூடிக்கு அடியில். இரண்டுக்கும் ஒரே சொல் என்றால், படிப்பவர் இல்லாத பாகத்தைத் தேடி மூடியைக் கழற்றுவார். காற்றைச் சுடவைப்பது 'காற்றுச்சூடேற்றி', சிலிண்டர் தலையில் இறங்கியிருப்பது 'கனல்முளை' என்று பிரித்துவிடுவோம்.

சொல் நடையில் நிற்கிறதா என்று பார்க்கக் கையேட்டின் ஒரு பத்தியை எழுதிப் பார்த்தேன்:

"குளிரில் ஸ்டார்ட் ஆகத் தாமதம், ஆனபின் சிறிது நேரம் வெள்ளைப் புகை, தடுமாற்றம் என்றால் கனல்முளைகளைச் சோதிக்கவும். ஒவ்வொரு முளையின் வயரையும் கழற்றவும். மல்டிமீட்டரின் இரு கம்பிகளையும் முதலில் ஒன்றோடொன்று தொட்டு, வரும் அளவைக் குறித்துக்கொள்ளவும். இதைப் பின்னர் கழிக்க வேண்டும். ஒரு கம்பியை முளையின் முனையத்திலும் மற்றதை இஞ்சினின் துரு இல்லாத உலோகத்திலும் வைக்கவும். 12 வோல்ட் உலோக முளை, குளிர்ந்த நிலையில், பெரும்பாலும் 0.5 முதல் 2 ஓம் காட்டும். மீட்டர் ஓம் அளவு எதுவும் காட்டாமல் 'OL' (எல்லையற்ற தடை) என்று நின்றால் உள்சுருள் அறுந்துவிட்டது. ஒரு முளை மட்டும் மற்றவற்றிலிருந்து விலகி நின்றாலும் அதைச் சந்தேகிக்கவும். எல்லா முளைகளும் சரியாக இருந்தும் சூடேறாவிட்டால் ரிலே, ஃபியூஸ், வயர் இணைப்பு ஆகியவற்றைப் பார்க்கவும். பீங்கான் முளையையும் குறைந்த வோல்ட் முளையையும் பேட்டரியில் நேரடியாகக் கொடுத்துச் சோதிக்கக் கூடாது, நொடிகளில் எரிந்துவிடும்."

கழற்றும் இடத்தில் இன்னும் கூடுதலாகச் சொல்ல வேண்டும். கரி பிடித்த முளை முறிந்தால் நுனி சிலிண்டருக்குள் விழும். பிறகு தலையையே கழற்ற வேண்டிவரும். இஞ்சினைச் சூடாக்கி, துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைத்து, முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும். 8 மி.மீ. மரை சுமார் 20 நியூட்டன் மீட்டரிலும் 10 மி.மீ. மரை சுமார் 35-இலும் முறியக்கூடும்; அதற்கு முன்பே கையை நிறுத்திவிட வேண்டும். வெளியே வந்த முளையின் நுனி உருகியோ வீங்கியோ இருந்தால், புதியதை மாட்டுமுன் காரணத்தைத் தேட வேண்டும்: ரிலே ஒட்டிக்கொண்டு மின்சாரம் நிற்காமல் போயிருக்கலாம், இன்ஜெக்டர் ஒழுகியிருக்கலாம்.

———

பத்தியைப் படித்தேன், 'முளை' எங்கும் இடறவில்லை. 'சூடேற்றி'யை விட்டுவிடுகிறேன். 'கனல்' இன்னொரு வகையிலும் உதவும்: ஸ்டார்ட்டுக்கு முன் காய்வது 'முன்கனல்'. ஸ்டார்ட் ஆனபிறகும் வெள்ளைப் புகையையும் இரைச்சலையும் குறைக்கச் சில இஞ்சின்களில் தொடர்ந்து காய்வது 'பின்கனல்'. முதல் முறை வரும்போது அடைப்புக்குறிக்குள் 'ஹீட்டர் பிளக்' என்று போட்டுவிடலாம். டாஷ்போர்டில் எரியும் சுருள் விளக்குக்கு 'முன்கனல் விளக்கு' பொருந்துமா?