அம்மாவை வீட்டில் வைத்துப் பார்க்கிறேன், இரவுகள்தான் பயமாக இருக்கின்றன

சுன்னாகம் மகள்:

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 71 வயது. மார்பகப் புற்றுநோய், இப்போது முள்ளந்தண்டுக்கும் இடுப்பு எலும்புக்கும் பரவிவிட்டது. போன மாதம் தெல்லிப்பழை கிளினிக்கில் டொக்டர் எங்களை இருத்தி ஆறுதலாகக் கதைத்தார். இனி நோயை மாற்றுகிற மருந்து இல்லை, நோவைக் குறைத்து நிம்மதியாக வைத்திருப்பதுதான் என்றார். அம்மாவும் வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார், கூட்டி வந்துவிட்டேன்.

மோர்பின் குளிசை தந்திருக்கிறார்கள், நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. கனடாவில் இருக்கிற அண்ணா ஒவ்வொரு நாளும் போன் எடுத்து, அதைக் கொடுக்காதே, பழகிவிடும், அது கடைசி மருந்து என்கிறார். சின்னம்மாவும் அதைத்தான் சொல்கிறார். அதனால் அம்மா தாங்க முடியாமல் அழும்போது மட்டும் கொடுக்கிறேன், கொடுத்தாலும் நோவு உடனே கேட்பதில்லை.

கணவருக்குக் கொழும்பில் வேலை, மகன் ஓ.எல். படிக்கிறான், ஆகவே இரவில் நான் ஒருத்திதான். முந்தநாள் மூன்று மணிக்கு நாலாவது தடவையாகக் கூப்பிட்டபோது "ஒருக்கால் பேசாமல் படுங்கோ அம்மா" என்று கத்திவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டார். அதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. அம்மாவும் இரண்டு நாளாகச் சோறு வேண்டாம் என்கிறார். சேலைன் ஏற்ற வேண்டுமா? இப்படி வீட்டில் பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

வடமராட்சி அக்கா:

தங்கச்சி, முதலில் அந்த மருந்தை நேரத்துக்குக் கொடுங்கள். அப்பாவுக்குத் தொண்டையில் வந்தபோது நாங்களும் இதே பிழையைத்தான் விட்டோம். மோர்பின் என்ற பெயரைக் கேட்டுப் பயந்து, அவர் வாய்விட்டுக் கேட்கும்வரை பார்த்துக்கொண்டிருப்போம். அவரோ தோட்டக்காரன், லேசில் கேட்கமாட்டார், கேட்கும்போது வியர்த்து நனைந்து போயிருப்பார். மூன்று கிழமை அப்படியே போனது. பிறகு கிளினிக்கில் ஒரு தாதி மிஸ் பேசின பேச்சில்தான் மணிக்கூட்டைப் பார்த்துக் கொடுக்கத் தொடங்கினோம். நாலாம் நாள் விறாந்தையில் கதிரையைப் போடு என்றார். இருந்துகொண்டு, மிளகாய்க்கு யார் தண்ணீர் மாறுகிறது என்று கேட்டார். அந்தக் குரலைக் கேட்டு நான் குசினிக்குள் போய் அழுதேன். அதற்குப் பிறகு இரண்டரை மாதம் இருந்தார், மயங்கிக் கிடக்கவில்லை, எங்களோடு கதைத்துக்கொண்டுதான் இருந்தார்.

ஒரு கொப்பி வாங்கி நேரம், எத்தனை குளிசை, நோவு எப்படி, மலம் போனதா என்று எழுதுங்கள். கிளினிக்குக்குப் போகும்போது அதைக் காட்டினால் போதும், அந்த அவசரத்தில் எங்களுக்கு ஒன்றும் ஞாபகம் வராது.

கத்தினதற்கு, நானும் கத்தியிருக்கிறேன். நித்திரை இல்லாத உடம்பு அப்படித்தான்.

ஓய்வுபெற்ற தாதி:

பிள்ளை, அக்கா சொன்னது சரி. நோவு ஏறின பிறகு கொடுத்தால் அதைப் பிடித்து இறக்குவது கஷ்டம், ஏறமுதல் கொடுக்க வேண்டும். புற்றுநோய் வலிக்கு வாயால், நேரம் தவறாமல் கொடுக்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 1986ஆம் ஆண்டே வழிகாட்டி வெளியிட்டது. அதற்கும் முந்தி லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் என்ற அம்மா இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். தாதியாகத் தொடங்கி டொக்டராக வந்தவர், 1967இல் சென்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தைத் தொடங்கினவர். உடம்பு நோவோடு பயமும் தனிமையும் சேர்ந்துதான் ஒருவரை வாட்டுகிறது என்பது அவருடைய அனுபவம். உங்கள் அம்மா மூன்று மணிக்குக் கூப்பிடும்போது எலும்பும் நோகிறது, இருட்டில் தனியே இருக்கிற பயமும் இருக்கிறது. அறையில் ஒரு சின்ன லைட் எரியட்டும்.

நோவுக்காக டொக்டர் பார்த்து எழுதிய அளவில் கொடுத்தால் அடிமையாவது மிகவும் அரிது. முதல் இரண்டு மூன்று நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கலாம், பெரும்பாலும் தணிந்துவிடும். மலச்சிக்கல் மட்டும் தணியாது, ஆகவே இளக்குகிற மருந்தை முதல் நாளில் இருந்தே சேர்த்துக் கொடுக்க வேண்டும். தரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். படுக்கும்போது கொடுக்கிற வேளையைக் கூட்டி, நடுச்சாம வேளையை விடலாமா என்றும் டொக்டரிடம் கேளுங்கள், பலருக்கு அப்படிச் செய்வார்கள், உங்களுக்கும் நித்திரை கிடைக்கும். நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். பிறகு 12 மணித்தியாலத்துக்கு ஒருமுறை கொடுக்கிற, மெதுவாக வேலை செய்கிற குளிசைக்கு மாற்றித் தந்தால் அதை இடித்தோ உடைத்தோ கொடுக்கக் கூடாது. தட்டி எழுப்பியும் எழும்பாவிட்டால், மூச்சு மிக மெதுவானால், கைகால் வெட்டி வெட்டி இழுத்தால் அடுத்த வேளையைக் கொடுக்காமல் உடனே டொக்டரோடு கதையுங்கள்.

முள்ளந்தண்டில் இருக்கிறது என்றீர்கள், அதனால் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். திடீரென்று கால்கள் சோர்ந்தாலோ, மரத்தாலோ, சலம் போக முடியாமல் போனாலோ அன்றைக்கே ஆசுபத்திரிக்குக் கொண்டுபோங்கள், அடுத்த கிளினிக் வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். எலும்பு நோவுக்கு ஒரே ஒரு தடவை கொடுக்கிற கதிர்ச் சிகிச்சையும் நல்ல சுகம் தரும், கேட்டுப் பாருங்கள்.

சாப்பாட்டுக்கு வற்புறுத்தாதீர்கள். வாயில் புண்ணோ மலச்சிக்கலோ இல்லையா என்று முதலில் பாருங்கள், அவையும் பசியைக் கெடுக்கும். நோய் முற்றும்போது உடம்பே சாப்பாட்டை வேண்டாம் என்கிறது, திணித்தால் புரைக்கேறும். இளநீரோ கஞ்சித் தண்ணியோ ஒரு கரண்டி, அவர் கேட்கும்போது, தலையை உயர்த்தி வைத்து. சேலைன் ஏற்றினால் தெம்பு வரும் என்று எங்கள் சனம் நம்புகிறது, இந்தக் கட்டத்தில் அது பெரும்பாலும் கால் வீக்கத்தையும் சளியையும்தான் கூட்டும். ஈரத்துணியால் உதட்டையும் வாயையும் அடிக்கடி நனைத்துவிடுங்கள். பகலில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள், குதிக்காலும் நாரியும் சிவந்திருக்கிறதா என்று கழுவும்போது பாருங்கள், படுக்கைப் புண் அப்படித்தான் தொடங்கும். இரவில் எத்தனை தரம் திருப்ப வேண்டும் என்பதை கிளினிக் மிஸ்ஸோடு கதைத்து முடிவெடுங்கள். உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பொதுச் சுகாதார தாதி இருக்கிறாரா, வீட்டுக்கு வந்து பார்ப்பாரா என்று நாளைக்கே கேளுங்கள்.

ஸ்காபரோ அண்ணன்:

நான் உங்கள் அண்ணா இருக்கிற இடத்தில் இருந்தவன், அதனால் எழுதுகிறேன். தங்கச்சி அம்மாவைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் இங்கே இருந்து இணையத்தில் வாசித்துவிட்டு அதைக் கொடு, இதைக் கொடுக்காதே என்று ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இல்லையே என்ற குற்ற உணர்வு, அதை அவளுடைய தலையில் இறக்கியிருக்கிறேன். ஒருநாள் அவள் போனைத் திருப்பி அம்மாவின் முகத்தைக் காட்டிவிட்டுப் பேசாமல் இருந்தாள். அன்றோடு நிறுத்தினேன்.

அங்கே நடுச்சாமம் என்றால் எங்களுக்குப் பகல். வேலை முடிந்து வந்து வட்ஸ்அப் வீடியோவைப் போட்டுக்கொண்டு இருப்பேன், அங்கே போன் அம்மாவின் தலைமாட்டில் நிற்கும். அம்மா முழித்தால் நான் கதைப்பேன், பழைய ஊர்க் கதைகள், தேவாரம். உண்மையாக எழுப்ப வேண்டியிருந்தால் மட்டும் தங்கச்சியின் மற்றப் போனுக்கு அடிப்பேன். கிழமையில் மூன்று இரவு வந்து நிற்க ஊரிலேயே ஒரு அம்மாவைப் பிடித்து, அந்தச் சம்பளத்தை நான் அனுப்பினேன். உங்கள் அண்ணாவிடம் இந்த இரண்டையும் நேரே கேளுங்கள். அவரையும் வீடியோவில் கிளினிக் டொக்டரோடு கதைக்க வையுங்கள், மோர்பின் பயம் அப்போதுதான் போகும்.

வடமராட்சி அக்கா:

இன்னொன்று, கேட்கக் கஷ்டமாக இருக்கும். கடைசி நேரத்தில் மூச்சு விட்டு விட்டு வரும், தொண்டை கரகரக்கும், கைகால் குளிரும். தெரியாமல் இருந்தால் பதறி 1990க்கு அடிப்போம், அம்புலன்ஸ் வந்தால் ஆசுபத்திரிக்குத்தான் கொண்டுபோகும். அம்மா வீட்டில் இருக்கத்தான் ஆசைப்படுகிறார் என்றால் அதை எல்லாரும் இப்போதே இருந்து கதைத்து முடிவெடுங்கள், சின்னம்மாவையும் வைத்துக்கொண்டு. கிளினிக் கொப்பியைக் கைக்கெட்டிய இடத்தில் வையுங்கள், பிறகு மரணத்தைப் பதிய விதானையாரிடம், அதுதான் கிராம சேவகரிடம், போகும்போது தேவைப்படும்.

சுன்னாகம் மகள்:

ஐந்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்க வேண்டும். இந்தப் பதில்களை அப்படியே அண்ணாவுக்கு அனுப்பினேன். ஒரு நாள் முழுக்க அவர் எடுக்கவில்லை. மறுநாள் எடுத்து, ஞாயிறில் இருந்து தான் இரவில் இருக்கிறேன் என்றார். டொக்டர் படுக்கிற வேளையைக் கூட்டி, வயிற்றுக்கும் மருந்து எழுதித் தந்தார். நேற்று அம்மா பத்தில் இருந்து மூன்று வரை நித்திரை, நானும்தான். காலையில் அவருக்குத் தலை இழுத்துவிடும்போது அன்றிரவு கத்தினதைச் சொல்லி அழுதேன். எண்ணெயை இன்னும் கொஞ்சம் வை என்று மட்டும் சொன்னார்.

இடுப்புப் பக்கம் ஒரு இடம் சிவந்திருக்கிறது. தோல் இன்னும் உரியவில்லை. சுன்னாகம், மல்லாகம் பக்கம் யாரிடமாவது பாவித்த காற்று மெத்தை இருக்கிறதா? இரவலாகத் தந்தால் ஓட்டோவில் வந்து எடுத்துக்கொள்வேன்.