மறு: ‘தொடுதோலழற்சி’க்கு மாற்றாக ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

> கான்டாக்ட் டெர்மடைட்டிஸ் என்பதற்குத் தொடுதோலழற்சி ஏற்கெனவே புழங்குகிறதே. அதைப் போய் ஏன் கிளற வேண்டும்?

வகுப்பறைக்கு அது போதும் ஐயா. நாம் எழுதப்போவது, தோல் மருத்துவரைப் பார்த்துவிட்டு ஒரு ட்யூபோடு வீடு திரும்புகிறவருக்கான துண்டுத்தாள். அங்கே ‘தொடு’ வம்பு செய்யும். தொற்று, தொத்துவியாதி எல்லாம் அதன் பக்கத்திலேயே நிற்கிற சொற்கள். தாளைப் படித்த வீட்டார் நோயாளிக்குத் தனித் தட்டும் தனித் துண்டும் எடுத்து வைத்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவாது. வெளியிலிருந்து ஒரு பொருள் மேலே பட்டது, தோல் அதை ஏற்கவில்லை, அவ்வளவுதான்.

‘பட்டது’ என்றுதான் மக்களும் சொல்கிறார்கள். “சிமென்ட் பட்டு கை வெந்துபோச்சு”, “டை பட்டு மூஞ்சி வீங்கிடுச்சு.” ஆகவே என் பரிந்துரை: படுபொருள் தோலழற்சி. ‘படு’ என்றால் படுகொலையும் படுமோசமும் நினைவுக்கு வரும் என்று யாராவது சொல்வீர்கள். படுகதிர், படுகோணம் என்று பள்ளி இயற்பியலில் படித்தபோது யாரும் பயப்படவில்லையே! இதில் இன்னொரு வசதியும் உண்டு. நோய்க்குப் பெயர் வைக்கும்போதே அதற்குக் காரணமான பொருளுக்கும் பெயர் கிடைத்துவிடுகிறது. வீட்டுக்குப் போனதும் நோயாளி கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி, “எனக்கு எது படுபொருள்?” அதைக் கண்டுபிடித்து விலக்காமல் மருந்து மட்டும் தடவினால், ட்யூப் தீர்ந்ததும் அரிப்பு திரும்பி வரும்.

படுபொருளில் இரண்டு வகை. பாத்திரம் தேய்க்கிற சோப்பு, பிளீச்சிங் பவுடர், நாளெல்லாம் கையில் படுகிற தண்ணீர், இவை போதிய அளவு பட்டால் யார் தோலும் வெடிக்கும். இதை உறுத்துப்பொருள் எனலாம். மற்றது ஒவ்வாப்பொருள். கவரிங் நகையில் உள்ள நிக்கல், முடிச்சாயத்திலும் கறுப்பு மருதாணியிலும் சேர்க்கும் பாரா-ஃபினிலீன்டயமின், ஸ்டிக்கர் பொட்டின் பசை, பார்த்தீனியம் செடி போன்றவை சிலருக்கு மட்டும் ஆகாது. சிமென்ட் இரண்டு கட்சியிலும் இருக்கிறது: அதன் காரம் உறுத்தும், அதிலுள்ள குரோமேட் ஒவ்வாமையைக் கிளப்பும்.

ஒவ்வாப்பொருள் பட்டவுடன் அரிக்காது. பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தடிப்பும் நீர்க்கொப்புளமும் வரும். நம் ஆட்களோ காலையில் சாப்பிட்ட கத்திரிக்காயையோ கருவாட்டையோ பிடித்துக்கொள்வார்கள். “நேற்றும் முந்தாநாளும் மேலே என்ன பட்டது?” என்ற வரி தாளில் கொட்டை எழுத்தில் வர வேண்டும். “பத்து வருஷமா இதே டைதான் போடுறேன்” என்பதும் பதிலாகாது. பல வருடம் ஒத்துக்கொண்ட சாயம் ஒருநாள் ஒவ்வாமல் போகலாம். ஒருமுறை அப்படி ஆகிவிட்டால் பொதுவாக ஆயுசுக்கும் அதே நிலைதான்.

அடுத்து, மருந்தின் அளவு. ஃபிங்கர்டிப் யூனிட் என்பதை ‘விரல்நுனி அளவு’ என்று எழுதினால் விரல் முனையில் ஒரு பொட்டு வைத்துத் தடவுவார்கள், மருந்து போதாது. ட்யூப் வாயிலிருந்து பிதுக்கிய களிம்பு ஆள்காட்டி விரலின் நுனியில் தொடங்கி முதல் ரேகை வரை நீள வேண்டும். அது சுமார் அரை கிராம், பெரியவர் ஒருவரின் விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குக் காணும். இதை ‘ஒரு கணு’ என்று சொல்லலாமா? “இரண்டு உள்ளங்கை இடத்துக்கு ஒரு கணு.” சொல்லவும் எளிது, பாட்டிக்கும் புரியும்.

மாய்ஸ்சரைசருக்கு ‘ஈரப்பதமூட்டி’ எனக்கு ஒத்துவரவில்லை. அது ஏதோ அறையில் வைக்கிற கருவி போல ஒலிக்கிறது. தவிர, பெட்ரோலியம் ஜெல்லி ஈரத்தை ஊட்டுவதில்லை, இருக்கிற ஈரத்தைப் போகாமல் காக்கிறது. ‘ஈரங்காப்பி’ என்றால் டம்ளரோடு வந்து நிற்பார்கள். ஈரக்காப்பு என்று வைத்துக்கொள்வோம். வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்து, துண்டால் தேய்க்காமல் ஒற்றி, தோல் இன்னும் லேசாக ஈரமாக இருக்கும்போதே பூச வேண்டும். பாத்திரம் கழுவும்போது ரப்பர் கையுறைக்குள் பருத்தி உறை போட்டுக்கொண்டால் வியர்வை உறுத்தாது. ரப்பரே படுபொருளாக இருந்தால் வேறு வகைக் கையுறை தேட வேண்டும்.

ட்யூபில் இருக்கும் அழற்சியை அடக்கும் மருந்தான ஸ்டீராய்டு, ஸ்டீராய்டாகவே இருக்கட்டும். தமிழாக்கி மறைத்துவிட்டால் ஆபத்து. என்ன தடவுகிறோம் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

குழுவின் டாக்டரம்மா பார்த்துத் திருத்தித் தந்தால் நல்லது.

அன்புடன்.

———

வணக்கம்.

‘கணு’வை இன்றே வெளிநோயாளிப் பிரிவில் சொல்லத் தொடங்கிவிடுவேன். படுபொருளும் சரி. ஈரக்காப்பு காதுக்குக் கொஞ்சம் கவிதையாகப் படுகிறது, பழகிப் பார்ப்போம்.

ஸ்டீராய்டு பற்றிய பகுதிக்கு நான்கு வரி சேருங்கள். சொன்ன நாளுக்கு மேல் தடவக் கூடாது, ஆனால் அரிப்பு நின்றதே என்று மறுநாளே நிறுத்தவும் வேண்டாம். சொல்லாமல் முகத்தில் போடக் கூடாது. மிச்சத்தை எடுத்து வைத்து அடுத்த வருடம் படர்தாமரைக்குத் தடவக் கூடாது, அது அடங்குவது போலக் காட்டிவிட்டு இன்னும் பரவும். பக்கத்து வீட்டுக்குக் கடன் கொடுப்பதும் கூடாது. இந்தக் கடைசி வரியை எடுத்துவிடாதீர்கள், அதுதான் தினமும் நடக்கிறது.

வேப்பிலை, மஞ்சள், எலுமிச்சை, பூண்டு எதையும் புண்ணில் அரைத்துப் போட வேண்டாம் என்றும் எழுதுங்கள். பூண்டு தோலைச் சுட்டே விடும். அரித்தால் சொறிவதற்குப் பதில் குளிர்ந்த ஈரத்துணி போதும், நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ள வேண்டும். சீழ், காய்ச்சல், வேகமாகப் பரவும் சிவப்பு, கண்ணைச் சுற்றி வீக்கம், இவற்றில் ஏதாவது வந்தால் அடுத்த தேதிவரை காத்திருக்கக் கூடாது.

எது ஒவ்வாப்பொருள் என்று கண்டுபிடிக்கச் செய்யும் பேட்ச் டெஸ்டை ‘ஒட்டுச் சோதனை’ என்று எழுதலாம். சந்தேகப் பொருள்களை முதுகில் ஒட்டி 48 மணி நேரம் விடுகிறோம். அதுவரை முதுகு நனையக் கூடாது. எடுத்துப் பார்த்தபின், மூன்றாவது அல்லது நான்காவது நாள் இன்னொரு முறை பார்க்க வேண்டும். பலர் இரண்டாவது முறை வருவதே இல்லை. தாளில் அந்தத் தேதியை எழுத ஒரு காலிக் கட்டம் விடுங்கள், நாங்களே நிரப்பிக் கொடுக்கிறோம்.