லைசா ஏன் போன் பண்ணவில்லை?

வைகைக்கரையான்:
நான்சி கார்டன் 1982-ல் எழுதிய 'ஆனி ஆன் மை மைண்ட்' நாவலைப் பற்றி நேற்று இங்கே ஒருவர் உருகியிருந்தார். ஒரு பெண்ணுக்கு இன்னொரு பெண்மேல் வரும் முதல் காதலை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன கதை இல்லையாம். படித்தீர்களா, அட்டையைப் பார்த்தீர்களா? கல்லூரிக்குப் போன லைசாவுக்கு அவள் காதலி ஆனி கடிதம் போடுகிறாள். பதில் இல்லை. லைசா எழுதுவதெல்லாம் மேசையிலேயே கிடக்கிறது. கிறிஸ்துமஸ் லீவு நெருங்கும்வரை ஒரு போன் கிடையாது. இதுதான் நேர்மையா?

திருமங்கலம் செல்வி:
அந்த 'ஒருவர்' நான்தான், பெயர் சொல்ல வாய் வரவில்லையாக்கும். பதினேழு வயதுப் பிள்ளைகள் அண்ணே. விஷயம் வெளியே வந்து, பள்ளியில் விசாரணை வைத்து, இரண்டு ஆசிரியைகளுக்கு வேலையே போனது. அந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டு உடனே ஹலோ சொல்ல வருமா? 1993-ல் அமெரிக்காவில், கன்சாஸ் சிட்டியில் இந்தப் புத்தகத்தைக் கொளுத்தினார்கள். பள்ளி நூலகத்திலிருந்து இதை நீக்கியது தப்பு என்று 1995-ல் அங்கே கோர்ட்டே சொன்னது.

வைகைக்கரையான்:
கொளுத்தியது தப்புதான். அதனால் போன் பண்ணாதது சரியாகிவிடுமா? 1992-ல் நான் நத்தத்திலிருந்து பஸ் பிடித்து பெரியார் நிலையம் வந்து, ராத்திரி ரேட் குறையும்வரை வெளியூருக்குப் பேசும் எஸ்டிடி பூத் வாசலில் நின்று திருச்சிக்குப் பேசியவன். மீட்டரில் சிவப்பு எண் ஓட ஓட வயிறு கலங்கும். அவள் "ம்" என்பதற்கே இரண்டு ரூபாய் போய்விடும். ஆனாலும் பண்ணினேன். அவளைத்தான் கட்டிக்கொண்டேன்.

எஸ்.எஸ்.காலனி கதிர்:
அண்ணே, மதினி வீட்டில் மாட்டியிருந்தால் உங்களுக்கு நாலு அடி, அடுத்த முகூர்த்தத்தில் தாலி. இவர்களுக்கு அப்படியா? நம்ம மதுரையிலிருந்து சென்னைக்குப் போன இரண்டு பெண்கள் கேஸ் ஞாபகம் இருக்கிறதா? பெற்றோர் காணவில்லை என்று போலீஸில் புகார் கொடுக்க, அவர்கள் பாதுகாப்பு கேட்டு ஹைகோர்ட் போனார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், எனக்கே இது முழுதாகப் புரியவில்லை என்று உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் 2021 ஜூனில் உத்தரவு போட்டார். ஜட்ஜே டைம் கேட்டிருக்கிறார். பதினேழு வயதுப் பிள்ளை கேட்கக் கூடாதா?

வைகைக்கரையான்:
ஜட்ஜ் டைம் வேண்டும் என்று வாயைத் திறந்து சொன்னார். லைசா சொன்னாளா? அதைச் சொல்லவும் ஒரு போன் வேண்டும் தம்பி.

மதிச்சியம் புலவர்:
நடுவில் ஒன்று. 'கமிங் அவுட்', அதாவது தன் காதல் யார்மேல் என்று வெளியே சொல்வது, என்று ஏன் தவிக்க வேண்டும்? சங்கப் பாட்டில் அறத்தொடு நிற்றல் இருக்கிறது. தலைவியின் காதலைத் தோழி வளர்ப்புத் தாயான செவிலியிடம் சொல்வாள், செவிலி பெற்ற தாயான நற்றாயிடம் சொல்வாள்.

திருமங்கலம் செல்வி:
ஐயா, அங்கே தலைவிக்குத் தலைவன்தானே? தலைவிக்குத் தோழியே என்றால் யார் யாரிடம் போய்ச் சொல்வது?

மதிச்சியம் புலவர்:
முப்பது வருஷம் பாடம் நடத்தியவனுக்கே பாடமா? பாட்டுக்குச் சூழல் வகுத்த துறை இருக்கிறது, அதில் ஆளை மாற்றிப் பொருத்து என்கிறேன்.

வைகைக்கரையான்:
புலவர் என் பக்கம். அந்தத் தோழிகூட நேரில் போய்ச் சொன்னாள், அனுப்பாத கடிதம் எழுதவில்லை.

மதிச்சியம் புலவர்:
நான் யார் பக்கமும் இல்லை. அந்த 'கூட' தோழிக்கு இழுக்கு.

திருமங்கலம் செல்வி:
போன் போன் என்கிறீர்களே, நீங்கள் படித்த பிரதி யாருடையது? தமுக்கம் புத்தகக் காட்சியில் நான் வாங்கியது. சித்திரைத் திருவிழாவுக்கு முன்னால் வாங்கிக்கொண்டு போனீர்கள், இப்போது ஐப்பசி. தருகிறேன், தரமாட்டேன் என்று ஒரு போன் உண்டா?

எஸ்.எஸ்.காலனி கதிர்:
😂😂

வைகைக்கரையான்:
கதிர் சிரிக்க வேண்டாம், உன்னிடம் என் மழைக்கோட்டு இருக்கிறது. அம்மா செல்வி, புத்தகம் பத்திரமாக இருக்கிறது. நடுப்பக்கத்துச் சாம்பார் கறை நான் வாங்கும்போதே இருந்தது, அதை என் தலையில் கட்ட வேண்டாம். கைமாற்றுப் புத்தகம் வேறு, காதல் வேறு. டிசம்பர் வரைக்கும் அவள் ஏன் பண்ணவில்லை? இதற்கு மட்டும் ஒருத்தரும் பதில் சொல்லவில்லை.